மூட்டைவாய் முடிச்சு

முனிகிருஷ்ணன் மூங்கில் கூடைக்குள் அம்மிக்கல்லைப் படுக்க வைத்து, பெண்டாட்டியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, தூக்குவதும் இறக்குவதுமாக இருந்ததை எங்கள் தெருவில் முதலில் பார்த்தவள் நான்தான். பார்க்க வேண்டும் என்று போகவில்லை. சாம்பல் கொட்டப் போனேன். அவர்கள் கொல்லைக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரு மண்சுவர். போன மழைக்கு ஓரிடத்தில் கரைந்து பள்ளமாகிவிட்டது. அதைப் பூச வேண்டியது அவர்கள் முறை. பூசாமல் விட்டால் கண் அந்தப் பக்கம் போகத்தானே செய்யும்.

தை மாசப் பனி. வேப்பமரம் சொட்டிக்கொண்டிருந்தது. மனுஷன் பனியனோடு குந்தி உட்கார்கிறான், கூடையின் விளிம்பைப் பிடிக்கிறான், எழுகிறான். எதிர்ப்பக்கம் கன்னியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே எழுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் அவன் பக்கம் மட்டும் கூடை நழுவி, அம்மி உருண்டு, அவன் பாதத்துக்கு நாலு விரற்கடை தள்ளி விழுந்தது.

"யோவ், காலு போயிருக்கும்யா! கைதான் இல்ல, காலையும் போக்கிக்கினு இன்னா பண்ணப் போற?"

"கத்தாதடி. அந்தப் பக்கம் கேக்கும்."

"இன்னும் கேக்கறதுக்கு இன்னா கீது? பாப்பாத்தி அத்த எப்பத்திலேருந்தோ சுவத்துமேல தலைய வெச்சிக்கினு நிக்கறா."

பிடிபட்டுவிட்டேன். சாம்பல் கூடையைக் காட்டினேன். கன்னியம்மாள் நம்பவில்லை. சுவர் அருகே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத்தே, நீ பாத்துட்ட. பாத்தத உள்ள போட்டு மூடிக்கோ. வெளிய உட்டேன்னா எங்க வூட்டு அடுப்பு அணைஞ்சிடும். உன் புள்ளைங்க மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பண்ணிய பிறகுதான் எதற்குச் சத்தியம் என்று சொன்னார்கள்.

முனிகிருஷ்ணன் வலக்கையை என் முன்னால் நீட்டினான். பார்க்க நல்ல கைதான். உள்ளங்கைக் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு, அவ்வளவே. "புடி அத்த" என்றான். என் இரண்டு விரலைக் கொடுத்தேன். முகம் சிவக்க அழுத்தினான். பால்குடிக் குழந்தை இதைவிட அழுத்திப் பிடிக்கும்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரம் மண்டலத்தில் எங்கள் ஊர் ஒரு முக்கு. எங்கள் தெருவில் யாருக்கும் அப்பன் காலத்தில் காணி நிலம் கிடையாது; ரெட்டிமார் கொல்லையில் கடலை பிடுங்கியவர்கள்தான். பிறகு அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று வந்தது. அதற்கும் பிறகு தடா பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து இறங்கின. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு வேன் எங்கள் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும். ஏறுகிறவர்களுக்கு நீலச் சட்டை. வேனில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பது சம்பத் கையில். சம்பத் கம்பெனிக்கு ஆள் விடுகிற கான்ட்ராக்டர். முனிகிருஷ்ணனுக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. ஆனால் வேனுக்கு அண்ணன் தம்பி தெரியாது.

முனிகிருஷ்ணனுக்கு அங்கே தகடு அமுக்குகிற மிஷின். இரண்டு வருஷம் முன்பு அது கையைக் கவ்விவிட்டது. சம்பத்தே ஆட்டோவில் கூட்டிப்போய்த் தையல் போட வைத்தான். பதினைந்தாம் நாள், "கை எப்டி கீது?" என்று கேட்டான். "நல்லா கீது அண்ணா" என்றான் இவன். நல்லா இல்லை என்றால் வேன் நிற்காது. புண் ஆறியது, பிடி மட்டும் திரும்பி வரவில்லை. அதிர்ஷ்டம், காலால் மிதிக்கிற மிஷினுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வருஷமாக வலது காலால் மிதிக்கிறான். தகட்டை இடக்கையால் தள்ளி, வலக்கையைச் சும்மா மேலே வைத்துக்கொள்கிறான். வலது தொடை உரலாட்டம் ஆகிவிட்டது, இடது தொடை உலக்கையாட்டம் நிற்கிறது. ஆள் வேட்டியை மடித்துக் கட்டினால் இரண்டு பேர் காலைக் கடன் வாங்கி வந்தது போலிருக்கும்.

இதெல்லாம் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்திருந்தேன்.

போன பங்குனியில் அவன் அக்கா வெங்கடம்மாவின் புருஷன் செத்துப்போனார். பாடையை நாலு பேர் தூக்கினார்கள். முன்பக்கம் வலது மூங்கில் முனிகிருஷ்ணன். முச்சந்தியில் பாடையை இறக்கித் திசை மாற்றி வைப்பார்கள் இல்லையா, அப்போது இவன் பக்கம் மூங்கில் கையைவிட்டுப் போய், பாடை சாய்ந்து, செத்தவரின் தலை தரையில் தட்டியது. எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் வாய் வரவில்லை. என் வாய்தான் வந்தது. பக்கத்தில் நின்ற செங்கம்மாவிடம், "குடிச்சிட்டு வந்து நிக்கறான் போல" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் நகரி வரைக்கும் போய்விட்டது.

வெங்கடம்மா அன்றைக்குத் தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பதினோரு மாசம். அவன் வாயே திறக்கவில்லை. குடிகாரன் வேனில் ஏறலாம், வேன் முழுக்க அவர்கள்தான். கை விளங்காதவன் ஏற முடியாது.

அப்பன் செத்த வருஷத்துக்குள் பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். வெங்கடம்மா மகள் தரணிக்கு மாசியில் முகூர்த்தம் வைத்தார்கள். திருச்சானூரில் மண்டபம். மாப்பிள்ளை வீடு புத்தூர்ப் பக்கம், வசதி உள்ளவர்கள். கூடை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட்டார்கள்.

கூடை எங்கள் வழக்கமே இல்லை. தெலுங்கு வீடுகளில், மணப்பெண்ணைக் கூடையில் உட்கார வைத்துத் தாய்மாமன்கள் மணைக்குத் தூக்கி வருவார்கள். எங்கள் பெண்கள் கொஞ்ச காலம் முன்புவரை நடந்துதான் வந்தார்கள், ஒன்றும் குறைந்துவிடவில்லை. வீடியோக்காரன் ஊருக்குள் நுழைந்த பிறகு இது ஒட்டிக்கொண்டது. இப்போது கூடை இல்லாத கல்யாணம் என்றால் பெண்ணுக்கு மாமனே இல்லை என்று அர்த்தம். அறையிலிருந்து எடுத்தால் மணையில்தான் இறக்க வேண்டும். நடுவில் கூடை தரையைத் தொட்டால் அந்தப் பெண் வாழாது என்று ஒரு பேச்சையும் சேர்த்தே கொண்டு வந்துவிட்டார்கள்.

வெங்கடம்மா என்னைக் கூப்பிட்டனுப்பிச் சொன்னாள்: "கூடையத் தூக்க என் பொண்ணுக்கு மாமன் மொறையில ரெண்டு பேரு வேணும். ஒரு பக்கம் சம்பத்து புடிப்பான். இன்னொரு பக்கம் என் கூடப் பொறந்தது புடிக்கறதுன்னா குடிக்காம வந்து புடிக்கச் சொல்லு. முடியாதுன்னா இப்பவே சொல்லட்டும், சம்பத்து தம்பி கீறான். எங்கிட்ட சரின்னு சொல்லிட்டு, என் புருஷன கீழ போட்டாப்பல என் பொண்ணையும் போட்டான்னா, அதோட அவனுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. நான் செத்தாலும் வரக்கூடாது."

நான் வந்து அப்படியே ஒப்பித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் களியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடக்கையால் தின்கிறானே என்று மட்டும் தோன்றியது. "வரேன்னு சொல்லு" என்றான். அதற்கு மறுநாள்தான் அம்மிக்கல்.

"முடியாதுன்னு சொல்லிடுய்யா" என்றாள் கன்னியம்மாள், என்னைச் சுவருக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டே. "சம்பத்து தம்பியே தூக்கட்டும்."

"அப்ப நான் யாரு?"

"நீ யாரா இருந்தா இன்னா? தூக்கறப்ப உட்டுட்டா அவளுக்கு நீ இல்ல. சம்பத்து பாத்துட்டா வேன் இல்ல. ரெண்டு பக்கமும் அடி."

"எங்கம்மா செத்தப்ப எனக்கு ஆறு வயசு. அக்கா இடுப்புல வெச்சிக்கினு கடல பொறுக்கப் போனா. அவ பொண்ண இன்னொருத்தன் தூக்குவான், நான் பந்தியில ஒக்காந்து துன்னுட்டு வரணுமா?"

கன்னியம்மாள் உருண்ட அம்மியைக் காலால் தள்ளி மறுபடி கூடைக்குள் ஏற்றினாள்.

நகரியில் உரக்கடை மாடியில் எங்கள் ஊர் பவன்குமார் ஜிம் வைத்திருந்தான். எஸ்.ஐ. வேலைக்காக நாலு வருஷம் திருப்பதியில் தங்கி உடம்பு ஏற்றினான். மார்பு அளவில் இரண்டு சென்டிமீட்டர் பற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு சென்டிமீட்டர் ஆத்திரத்தில் ஆரம்பித்த ஜிம் அது. கன்னியம்மாள் ஜாக்கெட் துணி எடுக்கிற சாக்கில் புருஷனை அங்கே கூட்டிப் போனாள். எனக்கும் ஜாக்கெட் துணி தேவைப்பட்டது.

பவன்குமார் கையை அழுத்திப் பார்த்தான், பெரிய டாக்டர் மாதிரி. பிறகு ஒரு இரும்புக் கம்பியைத் தரையிலிருந்து எடுக்கச் சொன்னான். முனிகிருஷ்ணன் எடுத்தான், நாலாவதில் கம்பி நழுவியது.

"மாமா, உங்காலு களைச்சிச்சா?"

"இல்லப்பா."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"அதான் சங்கதி. உங்காலுக்கு இன்னும் இருவது வாட்டி எழுந்திருக்கற பலம் கீது. கை நாலாவதுலயே கடைய மூடிடுது. கை மூடிட்டா காலு இன்னா பண்ணும்? வேலையே செய்யாம வூட்டுக்குப் போய்க்கினு கீது. நீ மாசம் பூரா கூடையத் தூக்கினாலும் காலு ஏறாது."

"அப்ப இன்னா பண்றது?"

"ரெண்டையும் பிரிச்சிடு. காலுக்கு வேல குடுக்கறப்ப கையக் கூப்பிடாத. கடல மூட்டைய முதுவுல கட்டிக்கோ, குந்தி எழுந்திரு. படி ஏறு. எடது காலுக்கு டபுள் குடு, அது சோம்பேறியா ஆயிட்டுது. கைக்குத் தனியா டைம். மரக்கெளையப் புடிச்சிக்கினு தொங்கு, எத்தினி எண்ணற வரைக்கும் நிக்குதுன்னு பாரு. ஈரக் கோணிய முறுக்கிப் பிழி. பக்கெட்டு காதுல துண்டச் சுத்தி அதப் புடிச்சித் தூக்கு, தடியா இருந்தாத்தான் வெரலு வேல செய்யும்."

"எத்தினி நாள்ல வரும்?"

"பொய் சொல்ல மாட்டேன் மாமா. ஆறு மாசம் குடுத்தா சுமாரா வரும். நரம்பு அடிபட்டது."

"இருவத்தாறு நாள்தான் கீது."

பவன்குமார் தலையைச் சொறிந்தான். மூலையில் தொங்கிய ஒரு பட்டையை எடுத்து வந்தான். அதை மணிக்கட்டில் மாட்டி, மிச்சத்தைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றினான். "இப்ப எடு" என்றான். முனிகிருஷ்ணன் எடுத்தான். நாலு போயிற்று, எட்டு போயிற்று, பன்னிரண்டில் தொடை நடுங்கிக் கம்பியை வைத்தான். வைத்ததும் இரண்டு தொடையையும் தடவிப் பார்த்துக்கொண்டான். காலால் தோற்று எத்தனை நாளாயிற்றோ. கன்னியம்மாள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றாள்.

"இதுல பாரம் மணிக்கட்டுல நிக்கும், வெரலு சும்மா காவல்" என்றான் பவன்குமார். "ஒண்ணே ஒண்ணு. முடிச்சுப் போடக்கூடாது, சுத்தத்தான் செய்யணும். கைய உட்டா தானா அவுந்துக்கணும். முடிச்சுப் போட்டா பாரத்தோட ஆளும் கெடப்பான். குர்த்துப் பெட்டுக்கோ, மாமா." ஞாபகம் வைத்துக்கொள் என்று தெலுங்கில் வேறு சொன்னான். நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம்.

அந்த இருபத்தாறு நாளும் எனக்குக் கொல்லையில் வேலை இருந்துகொண்டே இருந்தது. முனிகிருஷ்ணன் நாலரைக்கு எழுந்துவிடுவான். கடலை மூட்டையைக் கன்னியம்மாள் அவன் முதுகில் கயிற்றால் இறுக்குவாள். குந்தி எழுவான், இருபது, முப்பது. பிறகு எங்கள் ஊர் அம்மன் கோயில் படியில் ஏறி இறங்குவான். பார்த்தவர்கள் வேண்டுதலா என்று கேட்டார்கள். ஆமாம் என்று நானே சொல்லிவிட்டேன். வேனில் போய் எட்டு மணி நேரம் மிதித்துவிட்டு வந்து, சாயங்காலம் மறுபடி குந்துவான். களியும் கடலைத் துவையலும் போதாது, தினம் இரண்டு முட்டை கொடு என்று பவன்குமார் சொல்லியிருந்தான். கன்னியம்மாள் என் வீட்டுக் கோழி மீதும் கண் வைத்தாள்.

கால் ஏறியது, அதை நானே சொல்வேன். இடது தொடைக்குச் சதை வந்து ஆள் ஒரே ஆளாகிவிட்டான். கைதான் அழ வைத்தது. வேப்பங்கிளையில் தொங்குவான், கன்னியம்மாள் கீழே நின்று எண்ணுவாள். முதல் நாள் நாலு. ஒரு வாரத்தில் ஆறு. பதினைந்தாம் நாள் ஒன்பது. விழுந்து, கையை ஈரமண்ணில் துடைத்துக்கொண்டு மறுபடி தொங்குவான், மூன்று. உள்ளங்கைத் தழும்பு பிளந்து நீர் வடிந்தது. ஒரு நாள் கிளையைப் பிடித்தபடியே அழுதான். அழுகிற முகத்தை மறைக்கக் கை ஒழியவில்லை. அப்போது மட்டும் நான் உள்ளே போய்விட்டேன்.

மண்டபத்தில் மணமகள் அறையிலிருந்து மணை வரைக்கும் நாற்பது அடி, மேடைக்கு மூன்று படி. நான் ஒரு சாக்குச் சொல்லித் திருச்சானூர் போய் அளந்து வந்தேன். மெல்ல நடந்தால் ஐம்பது எண்ண வேண்டும். அவன் கை பதினொன்றில் நின்றது. அதற்குமேல் போகவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தரணி வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி, ஆஸ்டல் சோறு, நல்ல உடம்பு. அம்மாவுக்குத் தெரியாமல் எங்கள் கொல்லை வழியாக வந்தாள், சுவர்ப் பள்ளம் அதற்கும் உதவியது.

"மாமா, நான் அறுவத்தெட்டு கிலோ. அப்பால சொல்லலன்னு சொல்லாத. பத்து நாளா வெள்ரிக்காதான் துன்னுக்கினு கீறேன், அர கிலோகூட எறங்கல."

"நீ துன்னும்மா. சோத்தத் துன்னு. கண்ணெல்லாம் உள்ள போய்க் கெடக்குது."

"நடந்தே வரேன்னு அம்மாகிட்ட சொன்னேன். தொடப்பத்த எடுத்துக்கினு வந்துச்சி." கிட்டே வந்து நின்றாள். "மாமா, நீ குடிக்கல இல்ல?"

"குடிக்கல."

"சம்பத்து மாமா சொல்லுச்சி, காலையில அவன் வாய மோந்து பாத்துட்டுத்தான் கூடையக் குடுப்பேன்னு."

"மோந்து பாக்கட்டும்."

நான் சுவரருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தரணி என்னையும் ஒரு முறை பார்த்தாள். எனக்குக் கீரையில் பூச்சி அதிகமாகத் தெரிந்தது.

கல்யாணத்தன்று காலை ஏழரை முகூர்த்தம். முனிகிருஷ்ணன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், பட்டை தெரியாமலிருக்க. பழைய கட்டிலின் நாடாவைக் கிழித்துக் கன்னியம்மாள் அதைத் தைத்திருந்தாள். சம்பத் வந்து, சொன்னபடியே வாயை மோந்து பார்த்தான். "ம், பரவால்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, பட்டு வேட்டியைச் சரிசெய்துகொள்ள அப்பால் திரும்பினான். அந்தச் சமயத்தில் கன்னியம்மாள் குனிந்து, நாடாவைக் கூடை விளிம்பில் சுற்றினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நான் பக்கத்தில் மறைவாக நின்றேன். சுற்றியது அவளுக்குப் போதவில்லை. பன்னிரண்டு வயசிலிருந்து கடலை மூட்டை கட்டுகிற கை. அதற்குத் தெரிந்ததை அது செய்துவிட்டது. இழுக்க இழுக்க இறுகும், கோணி ஊசி இல்லாமல் அவிழாது, அந்த மூட்டைவாய் முடிச்சு. நான் பார்த்தேன். பவன்குமார் சொன்னதும் காதில் இருந்தது. அதற்குள் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது.

தூக்கினார்கள்.

எழுந்த அழகைச் சொல்ல வேண்டும். சம்பத் முக்கிக்கொண்டு எழுந்தான், முனிகிருஷ்ணன் ஊற்றுத் தண்ணீர் ஏறுவது போல எழுந்தான். இருபத்தாறு நாள் மூட்டை வீண்போகவில்லை. தரணி கண்ணை மூடிக்கொண்டு தேங்காயைக் கட்டிப்பிடித்திருந்தாள். வீடியோக்காரன் பின்னாலேயே நடந்தான். ஐந்தடி. எட்டடி. எனக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொன்று தாண்டியதும் அவன் வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாக விளிம்பைவிட்டுப் பிரிந்தன. தீர்த்தத்துக்கு நீட்டின கை மாதிரி விரிந்து நிற்கிறது, கூடை மட்டும் அப்படியே போகிறது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் பெண்ணின் நகையைப் பார்த்தார்கள். மேடைப் படியில் சம்பத் தடுமாறினான். இவன் பாரத்தை ஒரு நொடி தன் பக்கம் வாங்கிக்கொண்டு நின்றான், தொடை இரண்டும் வேட்டிக்குள் கல்லாக நின்றன. பிறகு ஏறி, மணையருகே குந்தி, கூடையை இறக்கினான். சத்தமே இல்லாமல்.

தரணி எழுந்து மணையில் உட்கார்ந்தாள். சம்பத் நிமிர்ந்தான். முனிகிருஷ்ணன் நிமிரவில்லை.

"ஜருகண்டி, ஜருகண்டி" என்றார் ஐயர். "முகூர்த்தம் போறது, கூடைய எடுங்கோ."

எழப் பார்த்தான், கூடையும் கூட எழுந்தது. இடக்கையால் சட்டைக்கைக்குள் தடவினான். முடிச்சு பாரத்தில் கல்லாக இறுகியிருந்தது. ஒரு கையால், அதுவும் எல்லோர் கண் முன்னால், அதை அவிழ்க்க முடியுமா? அவன் கூடையின் மேல் கவிழ்ந்தபடி இருந்தான். முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"டேய் முனி, இன்னாடா, தூங்கிட்டியா?" என்றான் சம்பத்.

"ஊத்திக்கினுதான் வந்து கீறான்" என்றது பின்னால் ஒரு குரல். என் குரல் இல்லை. ஆனால் என் வார்த்தைதான்.

வெங்கடம்மா மண்டபத்தின் கடைசித் தூணருகே நின்றிருந்தாள். தாலி அறுத்து வருஷம் திரும்பாதவள், மணைப் பக்கம் வரக்கூடாது. மகள் கல்யாணத்தைத் தூணுக்குப் பின்னாலிருந்துதான் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவழியாக வந்தாள். "ஐயோ, அவ ஏன் வரா" என்று செங்கம்மா என் கையைக் கிள்ளினாள். படி ஏறிவிட்டாள்.

"எழுந்திரிடா! இன்னிக்குமா? என் பொண்ணு மணையிலயுமா?" தம்பியின் வலக்கையைப் பிடித்து இழுத்தாள். பட்டன் தெறித்தது, சட்டைக்கை மேலே ஏறியது. நாடா தெரிந்தது. நாடாவுக்கு மேலே நீலமாக வீங்கிய மணிக்கட்டு, கீழே பிளந்து கிடக்கும் உள்ளங்கை, கிளையில் உரிந்த தோல்.

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களை மடக்கிப் பார்த்தாள். விட்டதும் அவை தாமாக விரிந்தன. மறுபடி மடக்கினாள், மறுபடி விரிந்தன.

"கத்தி குடுங்க."

"மணையில இரும்பு ஆகாதும்மா" என்றார் ஐயர். "நீங்களும் கொஞ்சம் எறங்கி..."

வெங்கடம்மா இறங்கவில்லை. தம்பி எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவன் மணிக்கட்டை வாயருகே தூக்கி, பல்லால் முடிச்சைக் கவ்வினாள். நாதஸ்வரக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கெட்டிமேளம் வாசித்துவிட்டார். யாரோ அவரை அதட்டி நிறுத்தினார்கள். அந்த அமைதியில் அவள் பேசியது முன்வரிசை வரைக்கும் கேட்டது.

"அன்னிக்கு மூங்கில உட்டது இந்தக் கையா?"

"ஆமாக்கா."

"குடிச்சிருந்தேன்னு ஏன்டா சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்க்கா? அவங்க சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல."

முடிச்சு அவிழ்ந்தது. அவள் வாயோரம் கொஞ்சம் ரத்தம், அவள் ஈறுடையதோ அவன் கையுடையதோ தெரியவில்லை. எழுந்து முந்தானையை அவிழ்த்துவிட்டாள். "ஐயரே, தாலிய எடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே தூணுக்குப் போகாமல், அங்கேயே மேடை ஓரத்தில் தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுண்டியது. இறங்கு என்று சொல்ல ஒருத்தருக்கும் துணிவில்லை.

நான் சம்பத்தைப் பார்த்தேன். அவன் தாலியைப் பார்க்கவில்லை. முனிகிருஷ்ணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேனுக்கு ஆள் எடுக்கும்போது பார்க்கிற பார்வை.

பந்தியில் சாம்பார் ஊற்றுகிற நேரத்தில் அவன் பக்கத்தில் வந்து குனிந்தான். "முனி, திங்கக்கெழமை நீ வேனுக்கு வர வேணாம். ரெஸ்ட் எடு." தோளில் ஒரு தட்டு வேறு. முனிகிருஷ்ணன் இடக்கையை இலையில் வைத்தபடி, "சரி அண்ணா" என்றான். கன்னியம்மாள் பாயசத்தைத் தொடவில்லை. ஊர் திரும்புகிற பஸ்ஸில், "முடிச்ச நான்தான் போட்டேன் அத்த, நான்தான் போட்டேன்" என்று புத்தூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. தேவையில்லாத இடத்தில் வருகிற வாய் அது.

திங்கட்கிழமை சாம்பல் கொட்டப் போனேன். பனி குறைந்திருந்தது. கன்னியம்மாள் யாருடைய கடலைக் கொல்லைக்கோ கூலிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், களிச் சட்டியை முந்தானையில் கட்டியபடி. முனிகிருஷ்ணன் வேப்பங்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே, புரட்டிப் போட்ட உரலின் மேல் வெங்கடம்மா உட்கார்ந்திருந்தாள், அவன் அவிழ்த்துப் போட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தெறித்த பட்டனைத் தைத்துக்கொண்டு. தலை நிமிராமல் எண்ணினாள்.

"ஒம்போது. பத்து. உடாதடா. பதினொண்ணு."

தெருமுனையில் வேன் வந்து நின்றது. ஹாரன் இரண்டு முறை அடித்தது. யாரோ ஏறினார்கள், கதவு சாத்தினார்கள்.

"பன்னண்டு" என்றாள் வெங்கடம்மா. வேன் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போகிற சத்தத்தில் ஊசியை நிறுத்திக் காது கொடுத்தாள். சத்தம் தேய்ந்த பிறகுதான் மறுபடி ஊசியைக் குத்தினாள்.

"பன்னண்டு" என்றாள் மறுபடியும்.

அவன் எண்ணிக்கையைத் திருத்தவில்லை. தொங்கிக்கொண்டிருந்தான்.